பொட்டழகி நிலம் வாங்கினாள்

கள்ளிமேட்டுக் காட்டுக்குள் இரண்டு நட்சத்திர ஆமைகள் நடந்து வந்தன. முன்னால் வந்தவள் பொட்டழகி. கொஞ்சம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவன் அவள் கணவன் நடையப்பன்.

இருவருக்கும் இதுதான் ஊர் என்று ஒன்று கிடையாது. வெயில் காலத்தில் ஆற்றங்கரை. காற்றடி காலத்தில் மலையடிவாரம். பனி இறங்கினால் புல்வெளி. ஆண்டு முழுவதும் நடைதான். வீடு முதுகிலேயே இருந்தது. கறுப்பு ஓட்டில் மஞ்சள் நட்சத்திரங்கள் பூத்த அழகான வீடு! தூக்கம் வந்தால் தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். கதவு சாத்தியாகிவிட்டது!

"நம்மள மாதிரி யாரு இருக்கா!" என்பான் நடையப்பன். "எலிக்கு ஒரே வளை. குருவிக்கு ஒரே கூடு. நமக்குப் போற இடமெல்லாம் வீடு!"

பொட்டழகிக்கும் அந்தப் பெருமை உண்டு. அவள் பார்க்காத மேடு பள்ளம் இல்லை. எந்தப் பாறை மதியத்தில் நிழல் தரும், எந்த ஓடை கோடையிலும் கசியும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். சந்தன மலைக்குப் பின்னால் ஒரு மறைவான பள்ளத்தாக்கு இருந்தது. அங்கே வள்ளிக்கிழங்கு கொடி கொடியாக மண்டிக் கிடந்தது. யாரும் போகாத அந்த இடத்துக்கு வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஆனால் அவள் மனதில் ஒரு காயமும் இருந்தது.

போன பருவத்தில் ஒரு வேப்பமரத்தடியில் குழி தோண்டி முட்டையிட்டாள். மண்ணை மூடி, காலால் தட்டிச் சமன் செய்தாள். மறுநாளே அங்கே காட்டுப்பன்றிகள் வந்தன. கிழங்கு தேடி மண்ணைப் புரட்டத் தொடங்கின.

"ஐயோ! அங்க என் முட்டைங்க இருக்கு!" என்று கத்தினாள் பொட்டழகி.

ஒரு கிழட்டுப் பன்றி நிமிர்ந்து பார்த்தது. "இது எங்க இடம். யாரைக் கேட்டு இங்க வெச்சே?"

பொட்டழகி ஒதுங்கி நின்றாள். பன்றிகள் போன பிறகு பார்த்தாள். ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை.

இப்போது அவள் வயிற்றில் மறுபடியும் முட்டைகள் இருந்தன. அதனால்தான் கள்ளிமேட்டுக்குள் நுழைந்ததும் நின்றாள். திரும்பிக் கணவனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, எனக்குச் சொந்தமா ஒரு நிலம் வேணும்."

நடையப்பன் சிரித்துவிட்டான். "நிலமா? வீட்டையே முதுகுல வெச்சிருக்கிறவளுக்கு நிலம் எதுக்கு?"

"வீடு இருக்கு. அதை இறக்கி வைக்கத்தான் ஒரு இடம் இல்ல."

நடையப்பனின் சிரிப்பு நின்றது. "அப்போ நடக்கறதை விட்டுடலாம்னு சொல்றியா?"

"யாரு விடச் சொன்னா? நடப்போம். எங்க வேணும்னாலும் போவோம். ஆனா நம்மளைப் பார்த்து 'எழுந்து போ'ன்னு யாரும் சொல்ல முடியாத மண்ணு கொஞ்சம் இருக்கணும். அங்க வந்து இருப்போம். முட்டை வைப்போம். மறுபடி கிளம்புவோம்."

அப்போது தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது. "நிலமா அம்மா? நிலம்னா என்கிட்ட கேளுங்க!"

காய்ந்த கிளை ஒன்றில் ஓர் ஓணான் உட்கார்ந்திருந்தான். அவன் பெயர் ஆமாஞ்சாமி. அந்தக் காட்டில் இடம் வாங்கவும் விற்கவும் எல்லோரும் அவனைத்தான் தேடிப் போவார்கள். எதைச் சொன்னாலும் எதைக் கேட்டாலும் அவன் தலை மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும்.

"நல்ல இடமா இருக்கணும்," என்றாள் பொட்டழகி.

"ஆமா, ஆமா! நல்ல இடம்தான்!"

"முட்டை வைக்கத் தோதா இருக்கணும்."

"ஆமா, ஆமா! முட்டைக்குன்னே படைச்ச இடம்! வாங்க, காட்டறேன்!"

ஆமாஞ்சாமி கிளைக்குக் கிளை தாவி முன்னால் போனான். ஆமைகள் பின்னால் நடந்தன. கள்ளிப் புதர்களைத் தாண்டியதும் நடையப்பன் வாயைப் பிளந்துவிட்டான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பசும்புல்! ஒரு கல் இல்லை. ஒரு முள் இல்லை. தரை பலகை போல் சமமாக இருந்தது. வடக்கு ஓரத்தில் ஒரு சின்னத் திட்டும் அதில் ஒரு கருவேல மரமும் நின்றன.

"எப்படி?" என்றான் ஆமாஞ்சாமி. "பரம்பரை பரம்பரையா எங்க குடும்பத்துச் சொத்து. உங்க முகத்தைப் பார்த்ததும் கொடுக்கணும்னு தோணிடுச்சு!"

நடையப்பன் ஒரு வாய் புல்லைக் கடித்தான். தேன் போல இருந்தது. "பொட்டு! இதைவிட என்ன வேணும்? வாங்கிடு!"

"இதுக்கு நாங்க என்ன தரணும்?" என்று கேட்டாள் பொட்டழகி.

ஆமாஞ்சாமி குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணும் பெருசா இல்லம்மா. சந்தன மலைக்குப் பின்னால ஒரு கிழங்குக் காடு இருக்காமே? உங்களுக்குத்தான் வழி தெரியுமாமே, அதை மட்டும் சொல்லுங்க."

"நீ கிழங்கு தின்னமாட்டியே!"

"நான் தின்னமாட்டேன். பன்றிங்க தின்னும். வழியைச் சொன்னா எனக்கு அதுங்க என்ன வேணும்னாலும் செய்யும்."

பன்றி என்ற பேச்சைக் கேட்டதும் பொட்டழகிக்கு நெஞ்சு சுருக்கென்றது. அவளிடம் இருந்த ஒரே சொத்து அந்த வழிதான். எத்தனையோ பருவம் நடந்து, முள்ளில் உரசி, பள்ளத்தில் உருண்டு கண்டுபிடித்தது. ஒருமுறை வாயை விட்டு வந்துவிட்டால் பிறகு அதைத் திரும்ப வாங்க முடியாது. தவறான மண்ணுக்கு அதைக் கொடுத்துவிட்டால் வேறொரு மண்ணுக்குக் கொடுக்க அவளிடம் எதுவும் இருக்காது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

"யோசனையா? நாளைக்கே வேற ஆளு வருதும்மா! முயல் வெடுக்கன் காத்துக்கிட்டு இருக்கான்!"

"வரட்டும். நான் முதல்ல இங்க கொஞ்ச நாள் இருந்து பார்க்கறேன். ஒரு வெயிலும் ஒரு மழையும் இந்த இடத்துல பட்டுப் பார்க்கறேன். அப்புறம் சொல்றேன்."

ஆமாஞ்சாமியின் தலை ஒரு நொடி ஆடாமல் நின்றது. "வாங்கறதுக்கு முன்னாடியே குடியிருக்கிறதா? இது எந்த ஊர் வழக்கம்?"

"எங்க வழக்கம்!" என்றாள் பொட்டழகி நிமிர்ந்து. "மத்தவங்க வாங்கினாத்தான் வளை தோண்ட முடியும். கூடு கட்ட முடியும். எங்க வீடு எங்ககூடவே வருது. இறக்கி வெச்சா ஆச்சு!"

அன்று முதல் அவர்கள் அந்தப் பசும்புல்லில் தங்கினார்கள். நடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் புல், மதியம் புல், மாலையில் புல். வயிறு ஓட்டில் இடிக்கும்வரை தின்றான்.

பொட்டழகி மெல்ல நடந்தபடி தரையைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். மண்ணை முகர்ந்தாள். இத்தனை நல்ல மண்ணில் ஏன் ஒரு கறையான் புற்றுகூட இல்லை? எறும்புகள் ஏன் வளை போடவில்லை? புல்லை விலக்கினால் அடியில் வெறும் நத்தை ஓடுகள் கிடந்தன. கருவேல மரத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், ஒரு கிளையில் காய்ந்த பாசி சுற்றிக் கிடந்தது.

"பாசி எப்படிங்க மரத்துல ஏறும்?" என்று கணவனைக் கேட்டாள்.

"காத்துல பறந்து வந்திருக்கும்," என்றான் நடையப்பன் வாய் நிறையப் புல்லோடு.

அவள் நேராக ஆமாஞ்சாமி இருந்த கிளைக்கு அடியில் போய் நின்றாள். "பரம்பரைச் சொத்துன்னு சொன்னியே. இவ்வளவு நல்ல இடத்தை விட்டுட்டு நீ ஏன் இந்தக் காய்ஞ்ச கிளையில குடியிருக்கே?"

ஆமாஞ்சாமியின் தலை வேகமாக ஆடியது. "எனக்கு... எனக்கு உயரம்தான் பிடிக்கும்!"

பொட்டழகி திரும்பி வந்தாள். கணவனை எழுப்பினாள். "கிளம்புங்க. இந்த இடம் வேணாம்."

"என்னது!" நடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மேகம் கூடுது. உனக்கு நாள் நெருங்குது. கையில இருக்கறதை விட்டுட்டு எங்க போறது?"

"எங்கேன்னு தெரியல. ஆனா இங்க இல்ல. இந்த முறை ஒரு முட்டைகூட வீணாப் போகக் கூடாது."

வேப்பமரத்தடி நடையப்பனுக்கும் ஞாபகம் வந்தது. அவள் பின்னால் நடந்தான்.

அவர்கள் புல்வெளியின் ஓரத்தைத் தாண்டவில்லை. அதற்குள் முயல் வெடுக்கன் குதித்து வந்தான். பின்னால் அவன் மனைவி துள்ளியும் குட்டிகளும் வந்தார்கள்.

"வேணாம்னுட்டியா அக்கா? அப்போ எனக்கு!" என்றான் வெடுக்கன்.

"அவசரப்படாதே தம்பி. ஒரு மழை பார்த்துட்டு வாங்கு," என்றாள் பொட்டழகி.

"அதுக்குள்ள வேற எவனாவது கொத்திட்டுப் போயிடுவான்!"

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கொடுப்பவனும் வாங்குபவனும் நாலு பேர் முன்னால் தலையை ஆட்டிவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் மாற்ற முடியாது. ஆமாஞ்சாமி கேட்டான். "உன்னோட பழைய சங்கம்புதரை எனக்குக் கொடுத்துடு. இந்தப் புல்வெளியை எடுத்துக்க. சம்மதமா?" வெடுக்கன் பலமாகத் தலையை ஆட்டினான். ஆமாஞ்சாமியின் தலையோ எப்போதும்போல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. கிளையில் இருந்த மைனாக்கள் சாட்சி. பேரம் முடிந்தது.

வெடுக்கன் கருவேல மரத்துத் திட்டில் குடியேறினான். ஆமாஞ்சாமி பூச்சிகள் நிறைந்த சங்கம்புதரில் வாயெல்லாம் பல்லாகப் போய் உட்கார்ந்தான்.

ஆமைகள் வடக்கே நடந்தன. அங்கே தரை மெல்ல ஏறியது. சரளைக் கல். சப்பாத்திக் கள்ளி. செக்கச் சிவந்த மண். பார்த்தால் யாருக்கும் ஆசை வராது. மேட்டின் உச்சியில் ஒரு பாறை இடுக்கில் ஊசியம்மாள் என்ற முள்ளம்பன்றி தனியாக இருந்தாள். யாராவது அருகே வந்தால் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நிற்பாள்.

"யாரது? என்ன வேணும்?"

"உங்க சரிவுல கொஞ்ச நாள் தங்கிப் பார்க்கணும் அக்கா. பிடிச்சா ஒரு துண்டு நிலம் வாங்கிக்கறோம்."

ஊசியம்மாள் இதுவரை இப்படியொரு பேச்சைக் கேட்டதில்லை. "இந்தக் கல்லையா? வாங்கவா?" என்று சிரித்தாள். முட்கள் கலகலவென்று ஆடின. "இருந்து பாரு. நாளைக்கே நீயா ஓடிப் போயிடுவே!"

முதல் நாள் வெயில் கொளுத்தியது. நடையப்பன் முணுமுணுத்தான். ஆனால் மதியம் திரும்பியதும் பாறையின் நிழல் சரிவு முழுவதும் விழுந்தது. கள்ளிப் பழம் இனித்தது. கல்லைப் புரட்டிப் பார்த்தாள் பொட்டழகி. அடியில் எறும்புகள் வளை போட்டிருந்தன. கொஞ்சம் தள்ளி ஆளுயரப் புற்று ஒன்றும் நின்றது. பக்கத்தில் பின்னங்காலால் தோண்டினாள். கல்லுக்குக் கீழே மண் மாவுபோல் இருந்தது.

"இனி மழை வரட்டும்," என்றாள்.

மழை வந்தது. மாலையில் தூறலாகத் தொடங்கி, பிறகு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. இடி இடித்தது. இருவரும் வீட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு சரிவிலேயே கிடந்தார்கள். மேட்டுத் தண்ணீர் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது. அவர்கள் கிடந்த இடத்தில் சொட்டுகூடத் தேங்கவில்லை. விடிந்ததும் பொட்டழகி முதல் வேலையாகத் தான் தோண்டிய குழியைப் பார்த்தாள். ஈரம் இருந்தது. தண்ணீர் இல்லை!

"இதுதாங்க!" என்று கூவினாள். "இதுதான் நம்ம மண்ணு!"

அவள் வாய் மூடுவதற்குள் கீழேயிருந்து ஓர் அலறல் கேட்டது. "காப்பாத்துங்க! யாராவது காப்பாத்துங்க!"

இருவரும் சரிவில் உருளாத குறையாக இறங்கினார்கள். ஊசியம்மாளும் ஓடி வந்தாள். கீழே பசும்புல் வெளியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது! அது ஒருநாளும் ஓணானின் பரம்பரைச் சொத்து அல்ல. வறண்டு கிடந்த ஏரியின் வயிறு அது. ஏரி தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது.

கருவேல மரத்தடித் திட்டு மட்டும் ஒரு கை அகலத்துக்கு மிஞ்சி இருந்தது. அதில் வெடுக்கனும் துள்ளியும் குட்டிகளை நடுவில் வைத்துக்கொண்டு நடுங்கினார்கள். திட்டுக்கும் கரைக்கும் நடுவே வெள்ளம் அறுத்த ஒரு குறுகிய பள்ளம். தண்ணீர் அதில் சுழித்து ஓடியது. பெரிய முயல் ஒருவேளை தாவிவிடும். குட்டிகளால் முடியாது.

"நடுவுல கால் வைக்க ரெண்டு கல்லு இருந்தாப் போதும்!" என்று கத்தினான் வெடுக்கன். "ஒரு கல்லுகூட இல்லையே!"

கல் இல்லாத நிலம் என்றுதானே அவன் அதை ஆசையாக வாங்கினான்!

பொட்டழகி கணவனைப் பார்த்தாள். நடையப்பனுக்குப் புரிந்துவிட்டது.

"பொட்டு, நாம நிலத்து ஆமைங்க. நமக்கு நீச்சல் தெரியாது."

"நீந்த வேணாம். நின்னாப் போதும். புல்வேரை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்போம்."

"சரி, நான் போறேன். நீ வராதே. உன் வயித்துல..."

"ஒரு படி பத்தாதுங்க. ரெண்டு வேணும்."

முதலில் நடையப்பன்தான் இறங்கினான். தண்ணீர் கழுத்தளவு வந்தது. பிறகு கண்ணளவு வந்தது. பள்ளத்தின் தூரத்துப் பாதியில் நகங்களை வேரில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு நின்றான். கரைப் பக்கப் பாதியில் பொட்டழகி நின்றாள். சுழி அவளைப் பிடித்து இழுத்தது. அவள் அசையவில்லை. தண்ணீருக்கு மேலே இரண்டு நட்சத்திர ஓடுகள் மட்டும் தெரிந்தன.

"தாவுங்கடா கண்ணுகளா!" என்று கரையிலிருந்து கத்தினாள் ஊசியம்மாள்.

முதல் குட்டி தாவியது. டொக், டொக்! இரண்டு ஓட்டிலும் கால் பதித்துக் கரையில் விழுந்தது. அடுத்த குட்டி. அதற்கு அடுத்தது. ஒரு குட்டி பொட்டழகியின் ஓட்டில் வழுக்கியது. அவள் சட்டென்று பக்கவாட்டில் சாய்ந்து அதை நிமிர்த்திவிட்டாள். துள்ளி தாவினாள். கடைசியாக வெடுக்கன் தாவினான். அவன் பின்னங்கால் கரையைத் தொட்டபோது நடையப்பனின் ஓடும் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது.

"ஏங்க!" என்று அலறினாள் பொட்டழகி.

தண்ணீர் மட்டும் ஓடியது. பிறகு அவள் பக்கத்திலேயே ஒரு குமிழி வந்தது. அப்புறம் ஒரு மூக்கு வந்தது. அடித்தரையில் வேர் வேராகப் பிடித்து நடந்தே வந்திருந்தான் நடையப்பன்!

"நீச்சல்தானே தெரியாது," என்றான் மூச்சு வாங்கியபடி. "நடக்கத் தெரியுமே!"

கரையில் ஒரே ஆரவாரம். குட்டிகள் அவன் ஓட்டில் ஏறி ஏறிக் குதித்தன. மைனாக்கள் கூச்சலிட்டன. காடே கூடிவிட்டது. சத்தம் கேட்டு, என்ன நடந்தது என்று பார்க்க ஆமாஞ்சாமியும் வந்து ஒரு கிளையில் ஒட்டிக்கொண்டான்.

வெடுக்கன் காதைத் தொங்கப் போட்டான். "என் பழைய புதரையும் கொடுத்துட்டேன். இனி குட்டிங்களோட எங்க போவேன்?"

பொட்டழகி கிளையை நிமிர்ந்து பார்த்தாள். பயத்தில் ஆமாஞ்சாமியின் தலை எப்போதையும்விட வேகமாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஆமாஞ்சாமி, ஒரு கேள்வி. நீ வித்த இடம் ஏரியோட இடம்தானே?"

தலை மேலும் கீழும் ஆடியது.

"தெரிஞ்சேதானே வித்தே?"

தலை ஆடியது.

"அப்போ வெடுக்கனோட புதரை அவனுக்கே திருப்பிக் கொடுத்துடறே. சம்மதமா?"

வெடுக்கன் உடனே தலையை ஆட்டினான். "இல்ல! இல்லவே இல்ல!" என்று ஆமாஞ்சாமி கத்தினான். ஆனால் தலை? அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது!

"தலையாட்டிட்டான்! பேரம் முடிஞ்சுது!" என்று மைனாக்கள் ஒன்றாகக் கத்தின. "நாங்க சாட்சி!"

காடே சிரித்தது. ஆமாஞ்சாமி அசடு வழிய, வாலைச் சுருட்டிக்கொண்டு இலைகளுக்குள் மறைந்தான். அதற்குப் பிறகு அந்தக் காட்டில் இடம் வாங்க யாரும் அவனைத் தேடிப் போகவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஊசியம்மாள் ஆமைகளின் அருகே வந்தாள். அவளுடைய முட்கள் படிந்து கிடந்தன. "என் சரிவுல உனக்கு எந்தத் துண்டு வேணுமோ எடுத்துக்க. ஒண்ணும் தர வேணாம்."

நடையப்பன் மகிழ்ச்சியில் வாயைத் திறந்தான். அதற்குள் பொட்டழகி குறுக்கிட்டாள்.

"சும்மா வேணாம் அக்கா."

"ஏன்?"

"சும்மா கொடுத்தா அது உங்க இடத்துல நாங்க தங்கற மாதிரிதான். எங்க இடம்னு சொல்லிக்க முடியாது. எனக்கு வாங்கினதா இருக்கணும்."

ஊசியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டை முதுகுல தூக்கிக்கிட்டு ஊர் ஊராச் சுத்தறவ நீ. என்கிட்ட கொடுக்க உன்கிட்ட என்ன இருக்கு?"

"ஊர் ஊராச் சுத்தினதுதான் இருக்கு!" என்றாள் பொட்டழகி.

ஊசியம்மாளின் காதருகே போய், சந்தன மலைக்குப் பின்னால் இருந்த கிழங்குப் பள்ளத்தாக்குக்கு வழி சொன்னாள். எந்தப் பாறையில் திரும்ப வேண்டும், எந்த ஓடையைத் தாண்ட வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க ஊசியம்மாளின் கண் விரிந்தது. சரிவிலிருந்த கிழங்கெல்லாம் தீர்ந்து, மரப்பட்டையைக் கடித்து நாளை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்.

"பன்றிங்களுக்குச் சொல்லிடாதீங்க," என்றாள் பொட்டழகி.

"நான் யார்கிட்ட பேசறேன்!" என்றாள் ஊசியம்மாள்.

இருவரும் மைனாக்கள் முன்னால் தலையை ஆட்டினார்கள். ஊசியம்மாள் சரிவில் ஏறினாள். உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பினாள். பாறை நிழலிலிருந்து புற்றுவரை, நாலு மூலையிலும் ஒவ்வொரு முள்ளை ஊன்றினாள். கறுப்பும் வெள்ளையுமாக நாலு முட்கள் வெயிலில் பளபளத்தன.

"இதுதான் எல்லை. இதுக்குள்ள நான்கூட உன்னைக் கேட்டுட்டுத்தான் வருவேன்!"

பொட்டழகி அந்த நாலு முட்களையும் ஒருமுறை சுற்றி வந்தாள். மெதுவாக, ஒவ்வொரு முள்ளின் அருகிலும் நின்று நின்று வந்தாள். பிறகு நடுவில் போய் வீட்டை இறக்கி வைத்தாள். எத்தனையோ இடங்களில் இறக்கி வைத்திருக்கிறாள். ஆனால் யாராவது வந்து எழுப்புவார்களோ என்று காதைத் தீட்டிக்கொள்ளாமல் அவள் உட்கார்ந்தது அன்றுதான். கண்ணில் நீர் முட்டியது. தலை மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் குழி தோண்டி முட்டையிட்டாள். மண்ணை மூடி, காலால் தட்டிச் சமன் செய்தாள். மறுநாள் காட்டுப்பன்றிகள் மோப்பம் பிடித்துக்கொண்டு சரிவுக்கு வந்தன. பொட்டழகி எல்லையில் வந்து நின்றாள்.

"இது என் இடம். யாரைக் கேட்டு வந்தீங்க?"

பன்றிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மேலே பாறை இடுக்கில் முட்கள் சிலிர்க்கும் சத்தம் கேட்டது. கீழே சங்கம்புதரிலிருந்து வெடுக்கன் காலால் தரையைத் தட்டினான். மரத்தில் மைனாக்கள் கத்தத் தயாராக இருந்தன. முன்னால் வந்த பன்றி மெல்லப் பின்வாங்கியது. மற்றவையும் திரும்பிப் போயின.

நாள்கள் ஓடின. ஒரு காலையில் மண் மெல்ல விரிந்தது. விரல் நகம் அளவு மூக்கு ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. அடுத்து இன்னொன்று. முதுகில் குட்டிக் குட்டி வீடுகளோடு எல்லாக் குஞ்சுகளும் வெளியே வந்தன. ஒரு முட்டைகூட வீணாகவில்லை!

குஞ்சுகள் தாமாகப் புல் கடிக்கப் பழகியதும் ஆமைகள் இருவரும் மறுபடி நடைக்குக் கிளம்பினார்கள். ஊசியம்மாளும் வெடுக்கனும் குஞ்சுகளையும் எல்லையையும் பார்த்துக்கொண்டார்கள்.

தொலைதூரத்தில் ஓர் ஆற்றங்கரையில் இளைப்பாறியபோது ஓர் உடும்பு அவர்களிடம் வந்து பேச்சுக் கொடுத்தது. "வீட்டைத் தூக்கிக்கிட்டுச் சுத்தறீங்களே, பாவம், நிலம் நீச்சு எதுவும் இல்லையோ?"

பொட்டழகி வாயைத் திறப்பதற்குள் நடையப்பன் கழுத்தை முழுசாக வெளியே நீட்டிவிட்டான்.

"இல்லையா? எங்க நிலத்தை நீ பார்த்திருக்கணும்! அடடா! மதியம் திரும்பினா நிழல். எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டு நிக்காது. மண்ணு மாவுபோல இருக்கும். நாலு மூலையிலும் முள்ளு ஊன்றின எல்லை! ஒரு வெயிலும் ஒரு மழையும் குடியிருந்து பார்த்து வாங்கினோமாக்கும்!"

அவன் பேசிக்கொண்டே போனான். உடும்பு மலைத்துப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. பொட்டழகி ஆற்றுக்காற்றில் கண்ணை மூடிக்கொண்டு, பெருமையோடு சிரித்துக்கொண்டாள்.

குடியேற நினைக்கும் மண்ணை அதன் பசுமையைப் பார்த்து வாங்காமல், அதன் வெயிலிலும் மழையிலும் இருந்து பார்த்து வாங்குகிறவர்களுக்கே அது கடைசிவரை சொந்தமாக நிலைக்கும்.